பாடகரின் எஃபெக்ட் பெட்டியில் ட்ரம்பெட்டும் யூஃபோனியமும் கொம்பும்

கேள்வி இது. மேடைப் பாடகர்கள் காலடியில் வைத்து மிதிக்கிற வோக்கல் எஃபெக்ட் பெடல் ஒன்று கையில் இருக்கிறது. பாஸ் விஇ-20, டிசி ஹெலிகான் வாய்ஸ்லைவ் போன்ற வகை. ட்ரம்பெட், ஃப்ளூகல்ஹார்ன், யூஃபோனியம், சூசாஃபோன் ஆகிய பித்தளை ஊதுகருவிகளை அதில் விடலாமா? கிட்டார் பெடல்தான் வாங்க வேண்டுமா? பெட்டி தானாகச் சேர்க்கும் இணைச் சுரமான ஹார்மனி ஏன் சுருதி கெட்டு வருகிறது? கொஞ்சம் சத்தம் ஏற்றினாலே ஏன் ஹவுலிங் (ஸ்பீக்கர் ஒலி மைக்கில் திரும்ப ஏறி எழும் ஊளை) அடிக்கிறது?

தாராளமாக விடலாம். கிட்டார் பெடலைவிட அதில் வசதியும் அதிகம், மைக்கை நேராகவே செருகிக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பெட்டி மனிதக் குரலை எதிர்பார்த்துச் செய்யப்பட்டது. உள்ளே வருகிற சத்தத்தின் அளவு, சுருதியின் எல்லை, ஒலியின் நிறம் எல்லாவற்றையும் பற்றி அதற்கு ஓர் அனுமானம் இருக்கிறது. பித்தளைக் கருவி அந்த அனுமானத்தை எங்கே உடைக்கிறது என்று தெரிந்துகொண்டால், கேட்ட கேள்விகள் எல்லாவற்றுக்கும் விடை கிடைத்துவிடும்.

முதலில் உடைவது அளவு. உரக்க ஊதும் ட்ரம்பெட்டின் பெல்லுக்கு (விரிந்த வாய்க்கு) ஒரு சாண் தூரத்தில் ஒலி 120 டெசிபெலைச் சாதாரணமாகத் தாண்டும். பாடகர் மைக்கைக் கடிக்கிற மாதிரி வைத்து உரக்கக் கத்தினால்தான் அந்த அளவு வரும். டைனமிக் மைக் இதைத் தாங்கிக்கொள்ளும். தாங்காதது பெடலின் உள்ளே மைக் ஒலியைப் பெருக்கும் ப்ரீஆம்ப். அது நிரம்பி வெட்டுப்பட்ட பிறகு வெளியீட்டு வால்யூமைக் குறைத்தால், வெட்டுப்பட்ட ஒலிதான் மெதுவாகக் கேட்கும். சத்தம் குறைவாக இருக்கிறது, ஆனாலும் கரகரக்கிறது என்றால் காரணம் இதுதான். உச்சபட்ச சத்தத்தில் ஒரு நீண்ட ஸ்வரம் ஊதிக்கொண்டே மைக் கெயினைத் திருப்புங்கள். சிவப்பு விளக்கு அணைகிற இடத்திலிருந்து இன்னும் 6 டெசிபெலாவது கீழே இறக்கி நிறுத்துங்கள், கச்சேரி சூட்டில் யாரும் ஒத்திகையைவிட மெதுவாக ஊதப் போவதில்லை. கெயினை அடியோடு குறைத்தும் சிவப்பு எரிந்தால், மைக்குக்கும் பெடலுக்கும் நடுவே அளவைக் குறைக்கும் 20 டெசிபெல் பேட் ஒன்றைச் செருகுங்கள். விரல் நீள எக்ஸ்எல்ஆர் (மூன்று முனை மைக் செருகி) குழாய் போல இருக்கும், விலையும் குறைவு. கன்டென்சர் மைக் வைத்திருப்பவர்கள் மட்டும், அந்தப் பேட், கேபிள் வழியே மைக்குக்குப் போகும் 48 வோல்ட் ஃபான்டம் பவரைக் கடத்துமா என்று பார்த்து வாங்க வேண்டும். மைக்கிலேயே பேட் சுவிட்ச் இருந்தால் இன்னும் நல்லது.

எந்த மைக்? ஷூர் எஸ்எம்57, சென்ஹைசர் எம்டி421 இரண்டும் இந்த வேலைக்குக் காலங்காலமாக நிற்பவை. ட்ரம்பெட்டுக்கு 15 முதல் 30 சென்டிமீட்டர் தூரம், பெல்லின் நடு அச்சிலிருந்து கொஞ்சம் விலகி. உயர் அதிர்வெண்கள் பெல்லின் அச்சு வழியே கற்றையாகப் பாய்வதால் நேர் எதிரே வைத்த மைக் காதைக் குத்தும் ஒலியைத்தான் பிடிக்கும். ஊதுபவர் அசைந்து ஆடுகிறவர் என்றால் பெல்லில் கவ்வும் கிளிப் மைக் நல்லது. தூரம் மாறாததால் எஃபெக்ட்டும் ஒரே அளவில் நிற்கும். அதன் குறை, வால்வு அடிக்கும் 'டக் டக்' உலோகம் வழியாக மைக்குக்கு ஏறிவிடுவது. ரப்பர் தாங்கி உள்ள கிளிப்பாகப் பார்த்து வாங்குங்கள். ட்ரம்பெட்டுக்கு 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டால் அந்தச் சத்தம் கொஞ்சம் குறையும். இதே வெட்டை யூஃபோனியத்துக்குப் போட்டால் அடி ஸ்வரங்களின் ஆதாரமே போய்விடும், சூசாஃபோனுக்குக் கேட்கவே வேண்டாம்.

கிட்டார் பெடலுக்கு ஒரு பத்தி. மைக்கிலிருந்து எக்ஸ்எல்ஆர்–கால் அங்குல ஜாக் கேபிள் ஒன்றை வாங்கி நேராகச் செருகுவது எல்லோரும் முதலில் செய்து பார்ப்பது. ஒலி வரும், ஆனால் மெலிந்து, இரைச்சலோடு வரும். கிட்டார் பெடல் எதிர்பார்க்கும் அளவு மைக் தருவதைவிடப் பல மடங்கு அதிகம். நடுவே ஒரு ப்ரீஆம்ப் வேண்டும். ரேடியல் வோகோ-லோகோ, ஈவென்டைட் மிக்சிங்லிங்க் இரண்டும் இதற்கென்றே வந்தவை: மைக்கை ஏற்றி, கிட்டார் பெடல்களுக்கு அனுப்பி, திரும்பி வருவதை மிக்சருக்குத் தருகின்றன. ஒரே ஒரு வா-வா பெடல் போதும் என்பவருக்கு இதுவே நல்ல வழி. 1970 வாக்கில் மைல்ஸ் டேவிஸ் ட்ரம்பெட்டை வா-வாவில் ஊதத் தொடங்கியதிலிருந்து அந்த ஒலிக்கு மவுசு குறையவில்லை. வா-வா பெடல், பெல்லைக் கையால் மூடித் திறக்கும் ரப்பர்க் கிண்ணமான ப்ளஞ்சர் ம்யூட்டின் மின்சார வாரிசு என்பதால் பித்தளைக்கு அது இயல்பாகவே பொருந்துகிறது.

இனி ஹார்மனி. இங்கேதான் மிக அதிகமாகத் தவறு நடக்கிறது, காரணமோ மிக எளிது: ட்ரான்ஸ்போசிங், அதாவது தாளில் எழுதிய சுரமும் கருவியில் ஒலிக்கும் சுரமும் வேறாக இருப்பது. பெட்டி கேட்பது உண்மையான சுருதியை. ஊதுபவர் சொல்வது தன் தாளில் எழுதியிருப்பதை. பி ஃபிளாட் ட்ரம்பெட், ஃப்ளூகல்ஹார்ன், ட்ரெபிள் க்ளெஃபில் (மேல் சுரங்களுக்கான இசைக்குறியில்) படிக்கும் யூஃபோனியம் இவற்றில் தாளில் டி மேஜர் என்றால் ஒலிப்பது சி மேஜர். பெட்டியில் வைக்க வேண்டியது சி. அதாவது எழுதியதிலிருந்து இரண்டு அரைச் சுரம் கீழே. இ ஃபிளாட் ஆல்ட்டோ ஹார்னுக்கு மூன்று அரைச் சுரம் மேலே: தாளில் ஏ மேஜர் என்றால் பெட்டியில் சி. எஃப் ஹார்ன், மெல்லோஃபோன் இரண்டுக்கும் ஐந்து அரைச் சுரம் மேலே: தாளில் ஜி என்றால் பெட்டியில் சி. பேஸ் க்ளெஃபில் (கீழ்ச் சுரங்களுக்கான இசைக்குறியில்) படிக்கும் ட்ரோம்போன், யூஃபோனியம், ட்யூபாக்காரர்களுக்கு இந்தக் கணக்கே இல்லை, எழுதியதுதான் ஒலிக்கும். ஒரே யூஃபோனியத்தை இரண்டு பேர் இரண்டு க்ளெஃபில் படிப்பார்கள் என்பதால், கருவியின் பெயரைக் கேட்டு அமைக்காமல் ஒரு ஸ்வரத்தை ஊதச் சொல்லி ட்யூனரில் பார்த்து அமைப்பது பத்திரம்.

கீ சரியாக வைத்தும் ஹார்மனி குதிக்கிறதென்றால் சுருதியின் எல்லையைப் பாருங்கள். குரல் பெட்டிகள் கணக்கில் வைத்திருப்பது ஏறத்தாழ 80 ஹெர்ட்ஸிலிருந்து 1000 ஹெர்ட்ஸ் வரை, ஆண் பேஸ் குரலின் அடியிலிருந்து சொப்ரானோவின் உச்சி வரை. ட்ரம்பெட்டின் வழக்கமான வீச்சு சுமார் 165 முதல் 930 ஹெர்ட்ஸ். யூஃபோனியமும் ட்ரோம்போனும் 82 ஹெர்ட்ஸில் தொடங்குகின்றன. மூன்றும் உள்ளே அடங்கிவிடும். சூசாஃபோனின் அடி பி ஃபிளாட் 58 ஹெர்ட்ஸ், அதற்கும் கீழே உள்ள இ 41 ஹெர்ட்ஸ். சுருதியைக் கண்டுபிடிக்க அலையின் இரண்டு சுற்றாவது பெட்டிக்குத் தேவை. 440 ஹெர்ட்ஸில் அது 5 மில்லிசெகண்டுக்குள் முடிந்துவிடும். 41 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 49 மில்லிசெகண்ட் ஆகும். அதற்குள் தாளம் நழுவிவிடும். போதாக்குறைக்கு, அவ்வளவு தாழ்ந்த ஸ்வரங்களில் பெல் வழியாக வெளியே வருவதில் ஆதார அதிர்வெண் பலவீனம், அதன் இரு மடங்கான இரண்டாவது ஹார்மானிக் பலம். பெட்டி அந்த இரண்டாவதையே ஸ்வரம் என்று எண்ணி ஓர் ஆக்டேவ் மேலே தாவுகிறது, பிறகு கீழே வருகிறது, மறுபடி தாவுகிறது. இதற்குப் பெட்டியில் எந்தக் குமிழைத் திருப்பியும் தீர்வு இல்லை.

தீர்வு, உதடு வைக்கும் மவுத்பீஸில் இருக்கிறது. பித்தளைக் கருவியின் பெல், தாழ்ந்த அதிர்வெண்களில் பெரும்பகுதியை உள்ளேயே திருப்பி அனுப்பிவிட்டு உயர்ந்தவற்றை வெளியே விடுகிறது. ட்ரம்பெட்டில் இந்த எல்லை சுமார் 1500 ஹெர்ட்ஸ். ஆகவே குழாயின் உள்ளே ஆதார அதிர்வெண் கொழுத்துக் கிடக்கும். மவுத்பீஸில் துளையிட்டுப் பொருத்தும் பீசோ பிக்கப் (அழுத்தத்தை மின்சாரமாக்குவது) அந்த உள்ளழுத்தத்தையே எடுப்பதால் சுருதி கண்டுபிடிப்பது வெகுவாகச் சீராகிறது. பக்கத்து ட்ரம்ஸ் சத்தம் அதில் ஏறாது, ஹவுலிங்கும் ஏறக்குறைய மறைந்துவிடும். பீசோபேரல் போன்ற நிறுவனங்கள் இதை இப்போதும் செய்கின்றன, 1960களிலேயே வந்த யோசனைதான். விலை கொடுக்க வேண்டியது ஒலியின் நிறத்தில்: பிக்கப் ஒலி மங்கலாக, உதட்டு 'பிர்ர்' மேலோங்கி இருக்கும். 1500 ஹெர்ட்ஸுக்கு மேலே தாராளமாக ஏற்றினால் பாதி சரியாகும். மீதிக்கு, பிக்கப்பை எஃபெக்ட்டுக்கு மட்டும் அனுப்பி, இயல்பான ஒலிக்குத் தனியாக ஒரு மைக் வைத்து, மிக்சரில் இரண்டையும் சேர்ப்பதுதான் ஒழுங்கான வழி. நல்ல மவுத்பீஸில் துளை போடாதீர்கள், இதற்கென்று மலிவான ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். பீசோ பிக்கப்பைக் கிட்டார் உள்ளீட்டிலோ ப்ரீஆம்பிலோ செருக வேண்டும், 48 வோல்ட் ஓடுகிற எக்ஸ்எல்ஆர் உள்ளீட்டில் அல்ல.

சுருதி மாற்றத்தில் இன்னொரு நுணுக்கம் ஃபார்மன்ட். குரலை மேலே ஏற்றும்போது அணில் குரலாகிவிடாமல் இருக்க, தொண்டையின் ஒத்ததிர்வை, அதாவது ஃபார்மன்ட்டை, பெட்டி அப்படியே நிறுத்திவைக்கும். ட்ரம்பெட்டுக்கும் அதுபோல ஒரு மேடு சுமார் 1200 ஹெர்ட்ஸில் உண்டு. ஆக, ஓர் ஆக்டேவ் கீழே இறக்கும்போது ஃபார்மன்ட்டை நிறுத்திவைத்தால், ட்ரம்பெட்டே தன் எல்லைக்குக் கீழே இறங்கி ஊதுவது போன்ற விசித்திர ஒலி வரும். 'ஜென்டர்' என்று எழுதிய குமிழை ஆண் பக்கம் திருப்பினால் அது பேஸ் ட்ரம்பெட், ட்ரோம்போன் பக்கம் நகரும். இந்தக் குமிழைப் பெரும்பாலோர் தொடுவதே இல்லை. பித்தளைக்கு அந்தப் பெட்டியில் இருக்கிற மிகப் பயனுள்ள குமிழ் அதுதான் என்பேன். இணைச் சுரம் சேர்க்கும் ஹார்மனைசர் என்ற கருவியைப் பித்தளைக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்க ட்ரம்பெட் கலைஞர் ஜான் ஹாஸல். அத்தகைய ஹார்மனைசரான ஈவென்டைட் எச்910 சந்தைக்கு வந்தது 1975-இல். ஹாஸல் பண்டிட் பிரான் நாத்திடம் ஹிந்துஸ்தானி பயின்றவர். அவருடைய ட்ரம்பெட், இடைவெளி மாறாத இணைச் சுரங்களோடு, ஒரே மூச்சில் பலர் ஊதுவது போல வரும். அவர் எடுத்த வழி நம் இசைக்காரர்கள் கவனிக்க வேண்டியது.

ஏனென்றால் ராகம் ஊதுபவருக்கு ஸ்கேல் பார்த்து ஹார்மனி போடும் முறை உதவாது. கமகத்தில் ஸ்வரம் வழுக்கும்போது பெட்டியின் ஹார்மனி படிப்படியாகத் துள்ளும். மாறாத இடைவெளியில் வைத்தாலும் ஐந்தாம் சுரம் பாதி வழிதான் வரும். மாயாமாளவகௌளையை எடுத்துக்கொண்டால், ஸ, ரி, க, ம நான்குக்கும் மேல் ஐந்தாவது முறையே ப, த, நி, ஸ என்று ராகத்துக்குள்ளேயே விழுகிறது. ப வந்ததும் அது சதுஸ்ருதி ரிஷபத்தையும், த-வுக்குச் சாதாரண காந்தாரத்தையும், நி-க்குப் பிரதி மத்யமத்தையும் பிடித்து இழுத்து வருகிறது. மூன்றும் அந்நியம். ஆக்டேவ் ஒன்றுதான் எந்த ராகத்திலும் பத்திரம். கீழ் ஆக்டேவை அசல் ஒலியைவிடப் பத்துப் பன்னிரண்டு டெசிபெல் குறைவாகக் கலந்தால் கமகமும் கெடாது.

சுருதித் திருத்தம் என்ற பொத்தானைப் பித்தளைக்கு அணைத்தே வையுங்கள். குழாயில் இயற்கையாக எழும் ஐந்தாவது ஹார்மானிக், சம அளவுச் சுருதியைவிட 14 சென்ட் (அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) குறைவு, ஏழாவது 31 சென்ட் குறைவு. பெட்டி அதைத் திருத்தி ஸ்பீக்கரில் விடும். ஆனால் பாடகர் போல அல்லாமல் ட்ரம்பெட்டின் நேரடி ஒலியும் அரங்கில் அதே உரப்பில் கேட்கிறது. 440 ஹெர்ட்ஸில் 14 சென்ட் வித்தியாசம் விநாடிக்கு மூன்றரை முறை அலையடிக்கும். திருத்தப் போய்ச் சுருதி கெட்டது போலவே கேட்கும். கால் சுரம் ஊதும் கருவிகளுக்கு இது இன்னும் மோசம். ட்ரம்பெட் கலைஞர் டான் எல்லிஸ் ஹோல்டன் நிறுவனத்தில் செய்வித்த நான்கு வால்வு ட்ரம்பெட், இப்ராஹிம் மாலூஃப் அரபு இசையின் மகாம்கள் ஊதும் நான்கு வால்வு ட்ரம்பெட் இவற்றின் நான்காவது வால்வு ஸ்வரத்தைக் கால் சுரம் இறக்குவதற்கென்றே இருக்கிறது. திருத்தம் ஓடினால் அந்த வால்வுக்கு வேலையே இல்லை.

நேரடி ஒலி எஃபெக்ட்டை மூடிவிடும் இந்தச் சிக்கல் சின்ன அரங்குகளில் எல்லா எஃபெக்ட்டுக்கும் உண்டு. யமஹா சைலன்ட் ப்ராஸ் போல உள்ளே மைக் வைத்த ம்யூட் ஒரு வழி: நேரடி ஒலி அடங்கி, எஃபெக்ட் மட்டும் ஸ்பீக்கரில் வரும். ஊதுவதில் எதிர்ப்பு கூடும், சுருதி கொஞ்சம் நகரும், ட்யூனிங் ஸ்லைடை மறுபடி சரிசெய்ய வேண்டும்.

ஹவுலிங்குக்கு வருவோம். ஸ்பீக்கரை நகர்த்துவதற்கு முன் பெட்டியில் 'டோன்' அல்லது 'டைனமிக்ஸ்' என்று இருப்பதை அணையுங்கள். அதற்குள் கம்ப்ரெஸர் இருக்கிறது. பாடகரின் மெல்லிய சொற்களை உயர்த்தித் தருவதுதான் அதன் வேலை. நீங்கள் ஊதாமல் நிற்கும் ஒவ்வொரு கணமும் அது மேடைச் சத்தத்தை அள்ளி உயர்த்தும். கம்ப்ரெஸர் 10 டெசிபெல் ஏற்றினால் ஹவுலிங்குக்கு முன் உங்களுக்கு இருந்த இடைவெளியில் 10 டெசிபெல் போயிற்று. அதோடு சேர்ந்து வரும் டி-எஸ்ஸர் 'ஸ்' ஒலியை அடக்கச் செய்தது, நாக்குத் தட்டலின் கூர்மையை மழுக்கிவிடும். மெல்லிய சத்தத்தை அடைத்துவிடும் கேட் வைத்துக்கொள்ளலாம், மூச்சிழுக்கும் சத்தத்துக்குச் சற்று மேலே. எஃபெக்ட்டுகளின் வரிசையில் சுருதி சார்ந்தவை முதலில், டிஸ்டார்ஷன் அதன்பின், டிலே, ரிவர்ப் கடைசியில். டிஸ்டார்ஷனுக்குப் பின்னால் ஹார்மனைசரை வைத்தால் அது சுருதியை அடையாளம் காணத் திணறும். பெடலின் வெளியீடு எக்ஸ்எல்ஆர் வழியாக மிக்சருக்குப் போகிறதென்றால் அந்தச் சேனலில் ஃபான்டம் பவரை அணைத்துவிடச் சொல்லுங்கள்.

வழக்கத்தில் இல்லாத கருவிகளுக்கு மைக் வைக்கும் இடம்தான் முழு வேலையும். யூஃபோனியம், வாக்னர் ட்யூபா இவற்றின் பெல் வானம் பார்த்தது. மைக்கை மேலே அரை மீட்டரில் கீழ்நோக்கித் தொங்கவிட வேண்டும். ஃபிரெஞ்ச் ஹார்னின் பெல் பின்னே பார்க்கிறது, உள்ளே வாசிப்பவரின் கை இருக்கிறது. கையை மைக் தொட்டால் சுருதியே மாறும். பாம்பு போல வளைந்த பழைய செர்பென்ட், அதற்குப் பின் 1817-இல் பாரிஸில் உருவான ஆஃபிக்ளைடு இரண்டிலும் ஒலி பெல்லில் மட்டும் வருவதில்லை, திறந்த துளைகளிலும் வருகிறது. கிளிப் மைக் அங்கே பாதி ஸ்வரங்களைத்தான் பிடிக்கும். ஒரு மீட்டர் தள்ளி, கருவியின் நடுப்பகுதியை நோக்கி வையுங்கள். ஆஃபிக்ளைடின் சாவிகள் படபடக்கும் சத்தத்துக்கும் அந்தத் தூரம் நல்லது.

நம் கொம்பும் எக்காளமும் இந்தக் குடும்பம்தான்: உதடு அதிர, வால்வும் துளையும் இல்லாத உலோகக் குழாய். இயற்கை ஹார்மானிக் சுரங்கள் சிலவே வரும் என்பதால் ஹார்மனைசருக்கு இங்கே வேலை குறைவு. டிலேதான் பொருந்துகிறது. 350, 400 மில்லிசெகண்ட் இடைவெளியில் இரண்டு மூன்று எதிரொலி வைத்தால், ஒருவர் ஊதியதே மறுவரிசையிலிருந்து பதிலாக வரும். தாளத்தோடு போக வேண்டுமென்றால் 60,000-ஐ நிமிடத்துக்கு எத்தனை அடி என்பதால் வகுங்கள்: 150 அடிக்கு 400 மில்லிசெகண்ட். வளைந்த கொம்பின் வாய் தலைக்கு மேலே போய்விடும் என்பதால் உயரமான ஸ்டாண்டில் டைனமிக் மைக், அரை மீட்டர் தூரம், 20 டெசிபெல் பேட் கட்டாயம்.

கருவியின் ஒலியைப் பேச வைக்கும் வோகோடரும் டாக்பாக்ஸும் அடிக்கடி கேட்கப்படுகின்றன. இரண்டிலும் ஓர் அடிப்படைத் தடை: ஊதும் வாய் பேச முடியாது. டாக்பாக்ஸின் குழாயை வாயில் வைத்தால் மவுத்பீஸுக்கு இடமில்லை. வேறொருவர் குழாயை வாயில் வைத்துச் சொல்லசைக்க, ஹார்னின் ஒலி அந்தக் குழாய் வழியே வரும்படி செய்யலாம். எம்எக்ஸ்ஆர் எம்222 போல ஆம்ப் உள்ளேயே இருப்பது இதற்கு வசதி. வோகோடரிலும் அப்படியே: பித்தளையின் ஹார்மானிக்குகள் அடர்த்தியானவை, ஆகவே பாடகரின் சொற்களைச் சுமக்கும் கேரியராக அது அருமை. பாஸ் விஓ-1-இல் கிட்டார் உள்ளீட்டுக்கு ஹார்னின் ப்ரீஆம்பையும் மைக் உள்ளீட்டுக்குப் பாடகரையும் கொடுங்கள். இருவரும் நான்கைந்து மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும், இல்லையென்றால் ஹார்ன் பாடகரின் மைக்கில் ஏறிச் சொற்கள் கரைந்துவிடும்.

ஊதுபவரே தன் குரலையும் சேர்க்க ஒரு வழி உண்டு, அதற்குப் பெட்டியே வேண்டாம்: ஊதிக்கொண்டே தொண்டையில் பாடுவது. ஜெர்மன் ட்ரோம்போன் கலைஞர் ஆல்பர்ட் மாங்கெல்ஸ்டார்ஃப் இதில் பெயர் பெற்றவர். 116.5 ஹெர்ட்ஸ் பி ஃபிளாட்டை ஊதியபடி அதற்கு மேல் எஃப், 174.8 ஹெர்ட்ஸ் பாடினால், இரண்டின் வித்தியாசமான 58.3 ஹெர்ட்ஸ், அதாவது கீழ் ஆக்டேவ் பி ஃபிளாட், தானாக முளைக்கும். மெல்லிய டிஸ்டார்ஷன் அந்த வித்தியாச சுரத்தை இன்னும் தடிமனாக்கும். ஹார்மனைசரை மட்டும் அந்த நேரத்தில் பைபாஸ் செய்யுங்கள். ஒரே சமயத்தில் இரண்டு சுருதி வந்தால் எதைப் பின்தொடர்வது என்று அதற்குத் தெரியாது.